அளக்காத பசுமை

பசுமை என்பது கண் காணும் நிறம், அது கணக்கன்று. நிறத்தையே கணக்கென்று கொண்டு மயங்குவது குழந்தைக்கு இயல்பாக இருக்கலாம். குழந்தைக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது அழகன்று. ஆயினும் அந்த மயக்கமே இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் சுற்றுச்சூழற் கல்வி என்னும் பெயர் தாங்கி உலவுகிறது.

ஆண்டுக்கொரு முறை மரநடு விழா எடுக்கப்படுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மண்வெட்டியைப் பிடிக்கிறார். படம் எடுக்கப்படுகிறது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மேடையேறி, மரம் கரியமிலவாயுவை உண்டு உயிர்வளியைத் தருகிறது என்றும், காடே உலகின் நுரையீரல் என்றும் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். கைதட்டல் எழுகிறது. எவ்வளவு உண்கிறது, எப்பொழுது உண்கிறது, இரவில் என்ன செய்கிறது, செம்பனையும் காட்டு மரமும் ஒரே அளவு உண்கின்றனவா என்று அம்மாணவி கேட்பதில்லை. கேட்டால் விடையிறுக்க மேடையில் ஒருவரும் இலர். நட்ட கன்று அடுத்த பள்ளி விடுமுறையில் வாடிப் போனால், அதையும் எவரும் குறித்து வைப்பதில்லை.

இவ்விழா தீமை என்று எவரும் சொல்லார். விழாவோடு கல்வி முடிந்தது என்று எண்ணுவதே தீமை. அளக்கப்படாத நிலம் வாயில்லாத நிலம். அதற்கு நேர்ந்த இழப்பை எடுத்துரைக்க அதனிடம் சான்று இராது. இவ்வுண்மையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புக்கிட் தெங்காவைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

பிறர் கையில் இருந்த நிறுவை

புக்கிட் தெங்கா, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே ஜூருவை அடுத்துக் கிடக்கும் ஊர். இவ்வட்டாரத்து மண்ணுக்குத் தமிழர் புதியவர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பரும் தேய்ந்து, செம்பனையும் தொழிற்பேட்டையும் குடியிருப்பும் வந்தன. இன்று புக்கிட் தெங்காவில் இறங்குபவர் காண்பது ஆலைகள், வணிக வளாகங்கள், ரயில் பாதை, இரவு பகலாக ஓயாத நெடுஞ்சாலை.

ரப்பர் காலத்துத் தோட்டத்தில் அளக்கப்படாத பொருள் எதுவுமில்லை எனலாம். வெட்டுக்குரிய மரங்கள் எண்ணப்பட்டன. பால் நிறுக்கப்பட்டது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் பங்கு கணிக்கப்பட்டது. ஒட்டுப்பால் தனியே நிறுக்கப்பட்டது. பெரட்டுக்குப் பிந்தி வந்தவர் பெயர் குறிக்கப்பட்டது. ஆனால் நிறுவை கிராணியின் கையில் இருந்தது. பேரேடும் அவர் கையிலேயே இருந்தது. பால்வாளியைச் சுமந்து வந்த தாய், அதன் எடையைத் தன் தோள் சொன்னபடி அறிந்திருந்தாள். முள் சொன்னபடி கூலி பெற்றாள். தோளுக்கும் முள்ளுக்கும் வேறுபாடு தோன்றியபோது, வென்றது முள்தான். அளவுகோலைப் பிடித்திருப்பவனுக்கே வழக்கில் வெற்றி என்பதைத் தோட்டத் தமிழர் மூன்று தலைமுறை அனுபவித்து அறிந்தவர்.

அத்தனை நிறுவையிலும் ஒன்று மட்டும் விடுபட்டது. அந்த மரங்கள் நாள்தோறும் எவ்வளவு நீரை வானுக்கு ஏற்றின, எவ்வளவு கரியை உள்வாங்கின, எவ்வளவு வெப்பத்தைத் தணித்தன என்பதைச் செபராங் பிறைத் தோட்டங்களில் நிறுத்துப் பார்த்தவர் இலர். அதற்குச் சந்தையில் விலை இல்லாமையே காரணம்.

இன்று அதற்கும் விலை வந்துவிட்டது. மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் கரி வாணிபத்துக்கெனத் தனிச் சந்தையைத் தொடங்கி, 2023 மார்ச்சில் முதல் ஏலத்தையும் நடத்தியது. ஒரு டன் கரியமிலவாயுவைத் தவிர்த்ததற்கோ உள்வாங்கியதற்கோ ஒரு சான்றிதழ். அச்சான்றிதழுக்கு ஒரு விலை. விரைந்தால் 2050க்குள் கரிச் சமநிலையை எட்டுவோம் என்று நாடு 2021இல் அறிவித்தது. ஆகவே காட்டின் மூச்சும் இனி நிறுக்கப்படும், ஏட்டில் ஏறும், விற்கப்படும். பாலை நிறுத்த காலத்தில் தமிழர் நிறுவையின் கீழ் நின்றனர். மூச்சை நிறுக்கும் காலத்திலும் அவர்தம் பேரப்பிள்ளைகள் மேடையில் நுரையீரல் பாட்டுப் பாடிக்கொண்டே நிற்க வேண்டுமா? இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுவே.

காற்றின் போக்குவரத்தை எண்ணும் முறை

கண்ணுக்குத் தெரியாத மூச்சை அளப்பது எங்ஙனம் என்று கேட்பார்க்கு விடையிறுத்தல் வேண்டும். புக்கிட் தெங்கா மக்கள் நன்கறிந்த ஜூரு சுங்கச்சாவடியை எண்ணிப் பார்க்கலாம். அச்சாவடியின் இரு திசையிலும் ஓடும் ஒவ்வொரு வண்டியையும், அதில் உள்ள சுமையையும் ஒருவர் குறித்துக்கொண்டே இருந்தால், மாலையில் இவ்வட்டாரத்துக்குள் வந்த சரக்கு எவ்வளவு, வெளியேறிய சரக்கு எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். உள்ளே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை.

காட்டுக்கு மேல் அத்தகைய சாவடியே ஒரு கோபுரம். காற்று நேர்கோட்டில் ஓடுவதன்று. சிறிதும் பெரிதுமான சுழிகளாகப் புரண்டு புரண்டு ஓடுவது. ஒரு சுழி காட்டின் காற்றை மேலே தூக்குகிறது. மற்றொன்று வானத்துக் காற்றைக் கீழே இறக்குகிறது. கோபுரத்தின் உச்சியில் ஒலியலைகளைக் கொண்டு காற்றின் ஏற்ற இறக்க வேகத்தை அளக்கும் கருவி ஒன்று. அதனருகே அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கரியமிலவாயுவையும் நீராவியையும் அளக்கும் கருவி மற்றொன்று. இரண்டும் நொடிக்குப் பத்து அல்லது இருபது முறை அளக்கின்றன. நொடிக்குப் பத்து முறை என்றால் அரை மணிக்கு 18,000 அளவுகள். மேலேறும் காற்றில் கரி குறைந்தும் கீழிறங்கும் காற்றில் கரி மிகுந்தும் இருந்தால், காடு கரியை உட்கொள்கிறது என்பது பொருள். மாறாக இருந்தால் காடு கரியை விடுகிறது. நீராவிக்கும் வெப்பத்துக்கும் இதே கணக்குதான். இதனைத் தமிழில் சுழியளவை என்று சொல்லலாம்.

இம்முறையின் அடிப்படையை 1951இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பேங்க் என்பார் செய்து காட்டினார். கருவிகள் விரைவும் உறுதியும் பெற்று, ஆண்டு முழுதும் இடைவிடாது அளக்கும் நிலை 1990களில்தான் கைகூடியது. அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் அத்தகைய தொடர் அளவை அப்பத்தாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. உலகக் கோபுரங்களை இணைக்கும் வலையமைப்பு 1997இலும், ஆசியாவுக்கான வலையமைப்பு 1999இலும் தோன்றின.

அளவைக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு ஒரு சான்று போதும். சார்லஸ் கீலிங் என்னும் அறிவியலார் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த ஒற்றைக் கோடு வரையப்படாதிருந்தால் உலக மாநாடுகளும் உடன்படிக்கைகளும் எதைக் கொண்டு பேசியிருக்கும்? மேடைப் பேச்சால் ஆகாததை ஒரு மனிதரின் பிடிவாதமான ஏடு செய்து முடித்தது.

பாசோக் காடு சொல்லும் பாடம்

இத்தகைய கோபுரம் மலேசியாவிலேயே உண்டு. நெகிரி செம்பிலானில் பாசோக் காப்புக்காட்டில் 1970களின் தொடக்கத்திலேயே பன்னாட்டு உயிரியல் திட்டத்தின் கீழ் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டின் உற்பத்தியை ஆராய்ந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானிய ஆய்வாளரும் சேர்ந்து, அங்குள்ள 52 மீட்டர் கோபுரத்தில் சுழியளவையை நடத்தினர்.

அவ்வளவை சொல்லுவது என்ன? முதலாவதாக, காடு பகலில் பெருமளவு கரியை உட்கொள்கிறது. இரவில் மரமும் மண்ணும் மூச்சு விட்டுப் பெருமளவு கரியை வெளியேற்றுகின்றன. முதிர்ந்த காட்டில் நிகரமாக நிற்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாடே. உயிர்வளிக்கும் கணக்கு இதுவே: முதிர்ந்த காடு ஆக்கும் உயிர்வளியில் மிகப் பெரும்பங்கை அதன் மூச்சும் மட்கலுமே உண்டுவிடுகின்றன. ஆகவே நுரையீரல் என்னும் உவமை பிழை. காட்டின் பெருமை அது நாள்தோறும் தரும் உயிர்வளியில் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் தன் மரத்திலும் மண்ணிலும் அடைத்து வைத்திருக்கும் கரியில் உள்ளது. அதை வெட்டினால் அந்த அடைப்பு திறந்துகொள்ளும். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுவாக இருக்க, சொல்லப்படுவது வேறாக இருக்கிறது.

இரண்டாவது பாடம் நீரைப் பற்றியது. பாசோவில் ஏழாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,865 மி.மீ. மழை பெய்தது; அதில் ஏறத்தாழ 1,287 மி.மீ. ஆவியாகி வானுக்கே திரும்பியது. மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேல். ஒரு மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டர் காடும் நாளொன்றுக்கு மூன்றரை லிட்டர் நீரை வானுக்கு ஏற்றுகிறது; ஓர் ஏக்கர் காடு 14,000 லிட்டரை ஏற்றுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். ஏக்கருக்கு நாளொன்றுக்கு 9,500 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் இங்ஙனம் நிலத்திலிருந்து அகற்றப்படுகிறது. ஒரு குதிரைத்திறன் கொண்ட அறைக் குளிரூட்டிகள் 150ஐ இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினால் எவ்வளவு வெப்பம் அகலுமோ, ஏறத்தாழ அவ்வளவு. அவ்வெப்பம் அழிந்துவிடுவதில்லை, ஆவி முகிலாகும்போது உயரத்தில் வெளிப்படுகிறது. ஆயின் மனிதர் நடமாடும் தரைக்கு அது தணிவே.

ஆறாம் ஆண்டுக் கணிதம் கற்ற பிள்ளை போடத்தக்க கணக்கு இது. பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறெதுவும் இதில் இல்லை. ஆனால் இக்கணக்கைப் போட்ட பிள்ளை, தார் பூசிய வண்டி நிறுத்துமிடத்தை மீண்டும் பழைய கண்ணோடு பார்க்க மாட்டாள். அங்கே ஆவியாக நீரில்லை. ஆகவே ஞாயிற்றின் வெப்பம் முழுதும் தாரையும் காற்றையும் சுடுவதற்கே செலவாகிறது.

பச்சையெல்லாம் ஒன்றல்ல

செம்பனையும் பச்சைதானே, அதுவும் கரியை உண்கிறதுதானே என்று வாதிடுவார் உளர். இவ்வாதம் பாதி உண்மை. பாதி உண்மையே முழுப்பொய்யைவிட ஆபத்தானது. சுமத்ராவின் ஜம்பி மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களின்மேல் கோபுரம் நாட்டி அளந்தவர் கண்டது இது: ஓராண்டுக் கன்றுகள் நின்ற தோட்டம் கரியை வெளிவிட்டது, பன்னிரண்டு ஆண்டுத் தோட்டம் கரியை உட்கொண்டது. ஆனால் உட்கொண்டதில் பெரும்பங்கு பழக்குலையாக வெளியேறி, எண்ணெயாக எரிந்தோ உண்ணப்பட்டோ மீண்டும் காற்றுக்கே போகிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், காட்டை அழித்து நட்ட முதற்சுற்றுத் தோட்டத்து எண்ணெயை எரிபொருளாக்கினால், கனிம எண்ணெயைவிட மிகுதியான மாசு விளையும் என்று காட்டினர். சபாவில் 2008இல் நடந்த அளவையில், செம்பனைத் தோட்டம் ஐசோப்ரீன் என்னும் ஆவியை அடுத்திருந்த காட்டைவிடப் பன்மடங்கு விடுவது தெரியவந்தது. அவ்வாவி வண்டிப் புகையோடும் ஆலைப் புகையோடும் கூடினால் தரைமட்டத்தில் ஓசோன் என்னும் நச்சு வளி மிகும். ஆலையும் தோட்டமும் அடுத்தடுத்து நிற்கும் செபராங் பிறைக்கு இது தொலைவுச் செய்தி அன்று.

ரப்பருக்கும் அளவை உண்டு. ஆனால் அது இங்குச் செய்யப்பட்டதன்று. வடகிழக்குத் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் ரப்பர்த் தோட்டங்களின்மேல் சுழியளவை நடத்தியவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,450 மி.மீ. வரை நீர் ஆவியாவதைக் கண்டனர். புக்கிட் தெங்காவைச் சூழ்ந்திருந்த பால்மரங்களும் இதை ஒத்த அளவு நீரை ஏற்றியிருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடிகிறது. மரங்கள் நின்றபோது ஒருவரும் அளக்கவில்லை. மரங்கள் போன பின் அளப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வூர் முன்னைவிட எவ்வளவு சூடேறியது, அதில் மரம் போனதன் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கம்போடியாவிலிருந்து எண்ணைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சொந்த ஊரின் வழக்குக்கு அயலூர்ச் சாட்சி!

சுங்கை ஜூருவின் கதையோடு இதனை ஒப்பிடல் தகும். 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் அவ்வாறு கெட்டு, கோலா ஜூரு மீனவர் வாழ்வு நலிந்தபோது, பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அம்மக்களோடு நின்று நாட்டின் கவனத்தை ஈர்த்தது. ஆற்றின் கேடு கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது, செத்து மிதந்த மீனே சாட்சி சொல்லிற்று. காற்றோடு நிலம் நடத்தும் கொடுக்கல் வாங்கல் கெட்டால் எந்த மீனும் மிதப்பதில்லை. அதற்குக் கருவியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இதே பினாங்கு மாநிலத்தில் அக்கருவி இல்லாமலும் இல்லை. தீவின் வடமேற்கு மூலையில், தேசியப் பூங்காவை ஒட்டிய முக்கா முனையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையத்துப் படகுத்துறையில், 2015 நவம்பர் முதல் சுழியளவைக் கருவிகள் நிறுவப்பட்டுக் கடலுக்கும் காற்றுக்கும் இடையேயான பரிமாற்றம் அளக்கப்பட்டு வந்துள்ளது. தமிழகத்திலும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் கோபுரம் நாட்டி, கரியமிலவாயுவோடு மீத்தேனையும் அளந்துள்ளனர். பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் கொடிமலைக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கும் போகின்றன. முக்கா முனையில் கடலின் மூச்சு அளக்கப்படுவதை எத்தனை ஆசிரியர் தம் மாணவர்க்குச் சொல்லியிருப்பர்?

மறுப்புகளும் மறுமொழியும்

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

முதல் மறுப்பு: இக்கருவிகள் விலை மிகுந்தவை, பல்கலைக்கழகத்துக்கும் பணக்கார நாடுகளுக்கும் உரியவை, தமிழ்ப்பள்ளிக்கு இது எதற்கு என்பது. கருவி விலை மிகுந்ததுதான். ஆனால் அக்கருவியின் எண்ணைப் படிக்கவும், அதை வினவவும், அது பொய்க்கும் இடத்தைக் கண்டுகொள்ளவும் பழகுவதற்கு விலையில்லை. நிறுவையை வாங்க இயலாதவனும் நிறுவையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துத் தாய் அறிந்திருந்தாள். அவளுக்குக் கிட்டாதது அவள் பேத்திக்கும் கிட்டாமற் போக வேண்டும் என்பதா வாதம்?

இரண்டாம் மறுப்பு: இம்முறையே குறையுடையது என்பது. உண்மை. காற்று அசையாத இரவுகளில் மரங்களுக்கிடையே தேங்கும் கரியைக் கோபுரம் காணத் தவறுகிறது. மேடு பள்ளமான நிலத்தில் கணக்குப் பிறழ்கிறது. கருவியில் மழைத்துளி நின்றால் அளவு கெடுகிறது. உள்வந்த வெப்பத்தையும் வெளிச்சென்ற வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தால் பல நிலையங்களில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை குறைகிறது. ஆனால் இக்குறைகளை உலகுக்குச் சொன்னவர் யார்? அளந்தவர்களே சொன்னார்கள். தன் பிழை இவ்வளவு என்று தானே அறிவிக்கும் நேர்மை அளவைக்கு உண்டு. 'காடே நுரையீரல்' என்னும் முழக்கம் தன் பிழையை என்றேனும் அறிவித்ததுண்டா?

மூன்றாம் மறுப்பே கொடியது: இத்தகைய நுண்ணிய அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்பது. சோழப் பேரரசன் ராசராசன் காலத்தில் நிலத்தை அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். ஒன்றை 320 பங்காக்கி, அதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயரிட்டு, அம்முந்திரியையும் 320 பங்காக்கிக் கீழ்முந்திரி என்று பெயரிட்டது தமிழ். ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்குக்குச் சொல் வைத்திருந்த மொழியை நோக்கி, உன்னிடம் நுட்பம் இல்லை என்று தமிழரே சொல்வது வெட்கக்கேடு. சொல் இல்லை என்பது காரணமன்று. செயல் இல்லை என்பதே காரணம். பால்மரத்தைக் கண்டிராத தமிழர் இந்நாட்டுக்கு வந்து ஒட்டுப்பால் என்றும் வெட்டுமரம் என்றும் சொற்களைப் படைத்துக்கொண்டனர். கையில் வேலை இருந்தது. ஆகவே வாயில் சொல் பிறந்தது.

அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் வந்தபோதும், இருமொழிப் பாடத்திட்டம் 2016இல் தொடங்கியபோதும், தமிழ்ப்பள்ளிகளில் தமிழே பயிற்றுமொழியாக நிற்க வேண்டும் என்று குரல் எழுந்தது. அக்குரல் நியாயமானது. ஆயின் உரிமைக்குக் குரல் கொடுப்பது ஒரு பாதி. காத்த உரிமைக்குள் எதை நிரப்புவது என்பது மறுபாதி. தமிழில் அறிவியல் வேண்டும் என்று முழங்கிவிட்டு, அந்த அறிவியல் வகுப்பில் ஒப்பித்தலையே நடத்துவது, வழக்காடிப் பெற்ற வீட்டைப் பூட்டி வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

பள்ளி செய்யத்தக்கது

குறை கூறுவதோடு நிற்பது வாதத்துக்கு அழகன்று. வழியும் காட்டல் வேண்டும். அவ்வழி எளியது.

ஒரு பூச்சட்டி, ஒரு சமையலறை நிறுவை, ஒரு குறிப்பேடு போதும். சட்டியில் நிற்கும் செடிக்கு நன்றாக நீரூற்றி, மண்ணின் நீர் ஆவியாகாதபடி சட்டியை நெகிழித்தாளால் தண்டைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். காலை மணி அடிக்கும்போது ஒரு முறையும், பள்ளி முடியும்போது ஒரு முறையும் நிறுக்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிராமும் இலை வழியே வானுக்குப் போன ஒரு மில்லிலிட்டர் நீர். இலைகளைக் கட்டத்தாளில் வைத்து வரைந்து பரப்பளவைக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் இலைக்கு எவ்வளவு என்பது கிடைத்துவிடும். வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் உள்ள வேறுபாடு ஒரே வாரத்தில் புலப்படும்.

அடுத்து, ஈரக்குமிழும் உலர்குமிழும் கொண்ட வெப்பமானிகள் மூன்று இணை. ஒன்று தூங்குமூஞ்சி மர நிழலில். ஒன்று திடலின் புல்லில். ஒன்று தார் பூசிய வாகன நிறுத்துமிடத்தில். ஒரே நேரத்தில் மூன்று மாணவர் படித்துக் குறிக்க வேண்டும். இவற்றோடு ஒரு மழைமானி. கரியமிலவாயுவைக் காட்டும் சிறு கருவி இன்று சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. ஒளி புகும் பெட்டியொன்றைப் புல்லின்மேல் கவிழ்த்து அக்கருவியை உள்ளே வைத்தால், வெயிலில் எண் இறங்கும்; பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடினால் எண் ஏறும். பகலில் உண்பதும் இருளில் விடுவதும் பத்து நிமிடத்தில் கண்முன் நிகழும். பாசோக் கோபுரம் சொல்லிய பாடத்தைப் பள்ளித் திடல் சொல்லிவிடும்.

இவை சுழியளவை ஆகா. ஆகும் என்று சொல்வது மீண்டும் ஒரு பொய்யாகும். ஆனால் இவற்றைச் செய்த பிள்ளைக்குச் சுழியளவையின் எண் அச்சமூட்டாது. கரிச் சான்றிதழோடு ஒருவர் வந்து, இத்தோட்டம் இத்தனை டன் உட்கொள்கிறது என்று சொன்னால், 'எங்கே அளந்தீர்கள்? எத்தனை ஆண்டு அளந்தீர்கள்? இரவை என்ன செய்தீர்கள்? அறுவடையைக் கழித்தீர்களா?' என்று அவள் கேட்பாள். அந்நான்கு கேள்விகளும் நானூறு மரக்கன்றுகளுக்கு மேலானவை.

புக்கிட் தெங்காவைப் போன்ற ஊர்களில் எஞ்சியிருப்பவை சில: ஆற்றோரத்துச் சதுப்புநில மரங்கள், சாலையோரத்து நிழல் மரங்கள், ஆலைகளுக்கிடையே விடுபட்ட புல்வெளிகள். இவையும் ஒருநாள் போகலாம். போவதைத் தடுக்கும் ஆற்றல் பள்ளிக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் போகுமுன் அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று எழுதி வைக்கும் ஆற்றல் உண்டு. பால்மரங்கள் ஏடின்றிப் போயின. எஞ்சியவையும் ஏடின்றிப் போகுமானால், அந்தக் குற்றத்தை எந்தக் கிராணியின்மீதும் சுமத்த இயலாது. இம்முறை நிறுவை பள்ளியின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அடுத்த மரநடு விழாவில் மண்வெட்டியோடு அதனையும் எடுத்து வைக்க வேண்டும். கன்றை நட்ட அன்றே அதன் உயரத்தையும், அருகிலுள்ள வெப்பத்தையும், நாளையும் மாணவி தன் கையால் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் முதலில் வாசிக்கப்பட வேண்டியது அந்த ஏடுதான்.